எடை குறைய, விலை ஏறிய கதை

கேள்வி: பொருள் குறைந்தால் விலையும் குறையத்தானே வேண்டும்? ஸ்போர்ட்ஸ் கார்களில் மட்டும் எடை குறையக் குறைய விலை ஏறுகிறதே. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

பதில்: தொடக்கத்தில் இந்த வழக்கமே கிடையாது. கையில் காசில்லாதவர் வேகமாகப் போகக் கண்ட வழிதான் லேசான கார். பெரிய எஞ்சின் வாங்க வசதியில்லாதவர், சின்ன எஞ்சின் இழுக்கவேண்டிய சுமையைக் குறைத்தார்.

1948-ல் லண்டனில் காலின் சாப்மன் என்ற இளைஞர் செய்தது இதுதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தவர். 1922 முதல் விற்பனையில் இருந்த ஆஸ்டின் செவன் என்ற எளிய குடும்பக் காரில் பழசு ஒன்றைப் பிடித்து, மேல்கூட்டைக் கழற்றினார். அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டால் புதுக் கூடு கட்டினார். வேலை நடந்த இடம், பின்னாளில் மனைவியான ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு ஷெட். அந்தப் பலகை வண்டியை மூடியதோடு, சட்டம் முறுக்கிக்கொள்ளாமலும் தாங்கியது. ஒரு பாகத்திடம் இரண்டு வேலை வாங்கினால் இன்னொரு பாகம் தேவைப்படாது. சாப்மன் 1952-ல் தொடங்கிய லோட்டஸ் நிறுவனம் இந்த ஒரு யோசனையில்தான் வளர்ந்தது.

1957-ல் வந்த லோட்டஸ் செவன் அரை டன்னுக்கும் உள்ளே அடங்கிய கார். குழாய்களை இணைத்த சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, இரண்டு இருக்கை; கதவுகூடக் கிடையாது. அன்றைய பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் இல்லை. ஆனால் எப்படிப் பூட்டுவது என்ற குறிப்பை உடன் தரக்கூடாது என்று ஒரு நிபந்தனை. ஆகவே காரை எப்படிக் கழற்றுவது என்ற குறிப்பை வைத்து அனுப்பினார்கள், வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து படித்துப் பூட்டிக்கொண்டார் என்பது லோட்டஸ் பிரியர்கள் இன்றும் சொல்லும் கதை. 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை முடிந்தது. அதே ஆண்டு செவனின் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது, இன்றும் தயாரிக்கிறது.

விலை திசைமாறுவதற்கு முன்பிருந்த நிலையைக் காட்ட போர்ஷேயின் 911 கரேரா 2.7 ஆர்எஸ் நல்ல சாட்சி. 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். அடிப்படை விலை 34,000 மார்க். அதற்குமேல் 700 மார்க் கொடுத்தால் 960 கிலோ எடையுள்ள 'ஸ்போர்ட்' ரகம். 2,500 மார்க் கொடுத்தால் வசதிகளோடு கூடிய, 1,075 கிலோ 'டூரிங்'. ஸ்போர்ட் ரகத்தில் பின் இருக்கை இல்லை, கார்ப்பெட் இல்லை, கடிகாரம் இல்லை, கோட் மாட்டும் கொக்கிகூட இல்லை. கண்ணாடியும் தகடும் வழக்கத்தைவிட மெல்லியவை. அதாவது 1972-ல் லேசான கார் வாங்கியவர் குறைவாகத்தான் பணம் கொடுத்தார்! விற்ற 1,580 கார்களில் 200 பேர்தான் அதைக் கேட்டார்கள். பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் தேடிப் போனது இந்த 200-ஐத்தான்.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏர்கண்டிஷன், மின்சாரக் கண்ணாடி, காற்றுப்பை, கதவுக்குள் இரும்புத் தண்டு என்று சாதாரணக் காருக்கே எல்லாம் கூடிப்போயின. நூற்றுக்கணக்கான கிலோ ஏறியபின், அதைக் குறைப்பது தனி வேலையாகிவிட்டது. கூடவே கார்பன் ஃபைபர் வந்தது. 1981-ல் மெக்லாரன் அதைக் கொண்டு ஃபார்முலா ஒன் காரின் உடலைச் செய்தது. 1992-ல் கார்டன் மரே வடிவமைத்த மெக்லாரன் எஃப்1, சாலைக்கு அதைக் கொண்டுவந்தது. 1,138 கிலோ எடை, ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலை. மொத்தமே 106 கார்கள். அதனுடன் தந்த கருவிப்பெட்டியின் ஸ்பேனர்களைக்கூட எடைக்காக டைட்டேனியத்தில் செய்தார்கள். ஏழையின் வழி பணக்காரரின் வழியாக முழுமையாக மாறியது இந்தக் காரில்தான்.

கேள்வி: சரி, அந்த விலை தகுமா? 200 குதிரைத்திறன் கூடுதலாகத் தரும் கனமான கார் அதைவிட மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: எந்த விதத்தில் எடையைக் குறைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வடிவமைப்பிலேயே குறைத்திருந்தால் தகும். இருப்பதைக் கழற்றிக் குறைத்துவிட்டு அதற்குக் கூடுதல் பணம் கேட்டால் தகாது.

குதிரைத்திறன் கூடினால் முடுக்கம் கூடும், அவ்வளவுதான். பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் எஞ்சினால் உதவ முடியாது. அங்கே டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பு, வண்டியின் மொத்த எடையோடு போராடுகிறது. எடை குறைந்தால் முடுக்கம், நிறுத்தம், திருப்பம் மூன்றும் தேறும். பிரேக் சிறிதாகலாம், டயர் ஒடுங்கலாம், பெட்ரோல் டேங்க் சுருங்கலாம். அதனால் எடை மேலும் குறையும். சின்ன டயரும் சின்ன பிரேக்கும் தேய்வதும் மெதுவாக, மாற்றுவதும் மலிவாக. வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்ததில் ஒரு பகுதி இப்படித் திரும்பி வரும்.

1996-ல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸைப் பாருங்கள். 118 குதிரைத்திறன் கொண்ட, ரோவர் நிறுவனத்தின் சாதாரண 1.8 லிட்டர் எஞ்சின். ஆனால் கார் 725 கிலோதான். நின்ற இடத்திலிருந்து 6 வினாடி அளவில் 100 கி.மீ. வேகத்தை எட்டியது. பொறியாளர் ரிச்சர்ட் ராக்கம் அதன் அடிச்சட்டத்தை அச்சுத் துளை வழியே பிதுக்கி எடுத்த அலுமினியப் பட்டைகளால் அமைத்தார். அலுமினியத்தை வெல்டிங் செய்தால் சூடுபட்ட இடம் வலுவிழக்கும். அதை ஈடுகட்டத் தடிமன் கூட்டவேண்டும். ஆகவே பட்டைகளை எபாக்சி பசையால் ஒட்டி, அடுப்பில் வைத்து இறுக்கினார்கள். விளிம்பிலிருந்து பசை பிரிந்துவிடாமலிருக்க ஆங்காங்கே திருகுகள். முடிந்த சட்டத்தின் எடை 68 கிலோ, ஒரு மனிதரின் எடை! கதவைத் திறந்து அகலமான ஓரச்சட்டத்தைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தால், அந்த வெற்று அலுமினியம்தான் கண்ணில் படும்.

இப்படி ஒரு சட்டத்தை யோசித்து, சோதித்து, விபத்துச் சோதனையில் தேறவைக்க ஆகும் செலவு, லட்சக்கணக்கான எண்ணிக்கையில் விற்கும் காரானாலும் சில ஆயிரம் மட்டுமே விற்கும் காரானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். சில ஆயிரம் பேர் அதைப் பகிர்ந்துகொள்ளும்போது தலைக்கு விழும் பங்கு கூடத்தான் செய்யும். இரும்புக் கதவு ஒன்றை அச்சு இயந்திரம் சில வினாடிகளில் அழுத்தித் தள்ளிவிடும். கார்பன் ஃபைபர் என்றால் பிசின் ஊறிய துணியை ஒவ்வோர் அடுக்காகக் கையால் பரப்பி, காற்றை உறிஞ்சி, அழுத்தமும் வெப்பமும் உள்ள கலனில் மணிக்கணக்கில் வேகவைக்கவேண்டும். அந்த உழைப்புக்குக் கேட்கும் விலை நியாயமானது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எங்கே குறைக்கக்கூடாது என்று தெரிவதற்கும் சேர்த்துத்தான் பணம். சாப்மனின் பந்தயக் கார்கள் அளவுமீறி மெலிந்தவை என்று அன்றே சொன்னார்கள். ஓட்டுநர் யோகன் ரிண்ட் 1969-ல் அவருக்குக் கடிதமே எழுதினார். மறு ஆண்டு மோன்ஸாவில் அவரது லோட்டஸின் முன் பிரேக் தண்டு முறிந்தது. தடுப்பில் மோதி ரிண்ட் இறந்தார். இறந்தபின் அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிடைத்தது. லேசான காரைக் கொண்டாடுபவர்கள் இந்தப் பெயரையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தகாதவற்றுக்கு வருகிறேன். 2016-ல் போர்ஷே 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் மட்டும் விட்டது. பின் இருக்கையும் ஒலித்தடுப்பும் நீக்கி, கதவின் உட்பக்கம் கைப்பிடிக்குப் பதில் துணி வார். எடை 1,370 கிலோ. சில மாதங்களிலேயே அதை வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு கேட்டார்கள். கார் அருமையானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பல மடங்கில் எடைக்கான பங்கு எதுவுமில்லை. 991 என்ற எண்ணுக்கான விலை அது. ஓட்ட விரும்புபவர் அதைக் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: மலிவாகவும் லேசாகவும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய யாருமே முயலவில்லையா?

பதில்: மாஜ்தா செய்தது. 1979-ல் பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர், பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களைப்போல ஒன்று செய்யுங்களேன் என்று அந்த நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னார். பின்னர் ஹால் மாஜ்தாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வந்தது எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் 13,800 டாலர். பசையும் இல்லை, கார்பன் ஃபைபரும் இல்லை. வழக்கமான இரும்பு உடல், கணக்காகச் செதுக்கிய பாகங்கள், ஜப்பானிய ரகத்தில் எடை 940 கிலோ. 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. வடிவமைப்புச் செலவு அத்தனை பேருக்கும் பங்கானதால்தான் விலை எட்டும் தூரத்தில் நின்றது.

எலீஸ் 2021-ல் நின்றுபோனது. அதன் இடத்துக்கு வந்த லோட்டஸ் எமிரா 1,400 கிலோவைத் தாண்டிவிட்டது. 2015-ல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5, ஜப்பானில் 1.5 லிட்டர் எஞ்சினோடு 990 கிலோ. காற்றுப்பைகளும் புதிய விபத்து விதிகளும் எல்லாம் சேர்த்து, இருபத்தாறு ஆண்டுகளில் 50 கிலோதான் கூடியிருக்கிறது. மாஜ்தா இந்தியாவில் விற்பதில்லை. பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் வாசகர்கள் லேசான கார் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், முதலில் இதை ஓட்டிப் பாருங்கள். எலீஸுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.