பிரவுசர் புதுசு, வெப்சைட் பழசு!

பிரவுசரை அப்டேட் செய்தேன், நேற்றுவரை ஒழுங்காக இருந்த வெப்சைட்டில் இன்று மெனு திறக்கவில்லை, வைரஸா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வைரஸ் ஸ்கேன் செய்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

வெப் பக்கத்தில் விரிகிற, நகர்கிற சமாச்சாரங்களை நடத்துவது ஜாவாஸ்கிரிப்ட். எல்லாவற்றையும் நாங்கள் முதலிலிருந்து எழுதுவதில்லை. யாரோ எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பைச் சேர்த்துக் கொள்வோம். இதுதான் லைப்ரரி. கடையில் வாங்கும் சாம்பார் பொடி மாதிரி. தளத்தை அமைத்தவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். லைப்ரரி அப்படியே கிடக்கும். பிரவுசரோ மாதாமாதம் மாறும்.

2018ல் நடந்ததைப் பாருங்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி, ஜாவாஸ்கிரிப்டின் அர்ரே, அதாவது பட்டியலுக்கு, 'ஃபிளாட்டன்' என்ற ஒரு வசதியைத் தானாகவே சேர்த்து வைத்திருந்தது. பட்டியலுக்குள் இருக்கும் பட்டியல்களைப் பிரித்து ஒரே பட்டியலாக்கும் வேலை அது. அதே பெயரில் அதே வசதியை பிரவுசரிலேயே தர முடிவாகி, ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்த்தார்கள். உடனே மூடூல்ஸை நம்பியிருந்த தளம் பழுதானது.

ஏன்? மூடூல்ஸ் தன் வசதிகளை இன்னொரு இடத்துக்கும் காப்பி எடுக்கும். பிரவுசரில் ஏற்கெனவே உள்ள பெயர்கள் அந்தக் காப்பி எடுக்கும் கண்ணில் படாது. மூடூல்ஸ் அதன்மேல் தன்னுடையதை எழுதினாலும் பெயர் மறைந்தே இருக்கும். ஆகவே ஃபிளாட்டன் காப்பியாகவில்லை. தேடிப்போன புரோகிராம் அங்கே ஒன்றுமில்லாமல் நின்றுவிட்டது.

பழைய தளங்களைத் திருத்தச் சொல்லலாமே என்பீர்கள். யாரிடம் சொல்வது? பல தளங்களுக்கு இன்று பராமரிக்க ஆளே இல்லை. பெயரை 'ஸ்மூஷ்' என்று மாற்றலாம் என ஒருவர் வேடிக்கையாகச் சொல்ல, அதை நிஜமென்று நம்பிப் பலர் கோபப்பட்டார்கள்! கடைசியில் மே மாதம், மொழியின் தரத்தை நிர்ணயிக்கும் டிசி39 குழு, 'ஃபிளாட்' என்று பெயரைச் சுருக்கியது. செப்டம்பரில் ஃபயர்பாக்ஸ் 62லும் குரோம் 69லும் அந்தப் பெயரில்தான் வந்தது. 'கன்டெய்ன்ஸ்' என்ற பெயர் 'இன்க்ளூட்ஸ்' ஆனதும் இதே மூடூல்ஸால்தான். புரோகிராமராக எனக்குப் பழைய பெயர்தான் பிடித்தது. இருந்தாலும் அவர்கள் செய்ததே சரி.

பெயர் மாற்றம் உதவாத இடங்களில், குறிப்பிட்ட தளத்துக்கு மட்டும் ஒட்டு போடுவதும் உண்டு. ஃபயர்பாக்ஸ் அட்ரஸ் பாரில் அபவுட்:காம்பேட் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அப்படிப்பட்ட தளங்களின் பட்டியலே வரும். பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், எதையும் முடக்க வேண்டாம்.

உங்களுக்கு வேண்டிய தளம் இப்படி மக்கர் செய்தால், முதலில் வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் எஃப்12 கீயை அழுத்தி, கன்சோல் பகுதியில் சிவப்பில் தெரியும் வரியை காப்பி செய்து தளத்துக்காரருக்கு மெயில் அனுப்புங்கள். 'சைட் வேலை செய்யவில்லை' என்ற புகாரைவிட அந்த ஒரு வரி எங்களுக்குப் பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். பழைய பிரவுசரைத் தேடி இன்ஸ்டால் செய்ய மட்டும் வேண்டாம். அதில் அடைக்கப்படாத பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கும்.