லாரி அச்சில் ஒரு மாட்டுவண்டி

புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் சாலையில் போயிருக்கிறீர்களா? தீபாவளி முடிந்த பிறகு போய்ப் பாருங்கள். வரிசையாக மாட்டுவண்டிகள் வரும். வண்டியில் சமையல் பாத்திரம் இருக்கும். கம்பு மூட்டை இருக்கும். மூங்கில் கழியும் தார்ப்பாயும் இருக்கும். மூட்டைக்கு மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

இவர்கள் யார்? கரும்பு வெட்டும் தொழிலாளிகள். பலர் பீட் மாவட்டத்துக்காரர்கள். அங்கே மழை குறைவு. அதனால் ஆண்டுதோறும் ஐந்து ஆறு மாதம் ஊரை விட்டு வருகிறார்கள். புனே மாவட்டத்தில் பாராமதி, இந்தாப்பூர், தௌண்ட் ஆகிய இடங்களில் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அந்த ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுகிறார்கள். கணவன், மனைவி இருவரையும் சேர்த்து ஒரு 'கொய்தா' என்று கணக்கு வைப்பார்கள். கொய்தா என்றால் அரிவாள். ஆட்கள் இரண்டு, கணக்கில் ஒரு அரிவாள்!

ஆலைக்குப் பக்கத்தில் மூங்கிலை வளைத்து, பாய் கட்டி, சிறு குடிசை போடுவார்கள். அதற்குக் 'கோப்பி' என்று பெயர். குடிசை ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அதுதான் ஆறு மாதத்துக்கு வீடு.

பணக்காரர்கள் கேரவன் என்ற வண்டியில் சுற்றுலா போவதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். 2021-இல் மகாராஷ்டிர அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. கரும்பு வெட்டுகிறவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வண்டியில் குடித்தனத்தை ஏற்றிக்கொண்டு போனவர்கள். அதைச் சுற்றுலா என்று யாரும் சொல்லவில்லை.

இந்தப் பாடம் அந்த வண்டியைப் பற்றியது.

வண்டியின் சக்கரத்தைக் கவனியுங்கள். மரச் சக்கரம் இல்லை. ஆரக்கால் இல்லை. இரும்புப் பட்டை இல்லை. காற்று அடித்த டயர் இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிகளைப் பல ஆலைகள் தாங்களே வைத்திருந்து வாடகைக்கு விடுகின்றன. சிலர் சொந்தமாகச் செய்துகொள்கிறார்கள். புதிதாக எல்லாம் வாங்க முடியுமா? முடியாது. அதனால் பழைய லாரியின் அச்சு, ஹப், ரிம், டயர் ஆகியவற்றைக் காயலான் கடையில் தேடுகிறார்கள். அச்சைத்தான் நம் ஊரில் இருசு என்கிறோம். சக்கரத்தின் நடுவில் உள்ள குடத்துக்கு லாரிக்காரர் வைத்த பெயர் ஹப்.

நான் புனேயில் கட்கியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். எங்கள் வகுப்புக்கு ஒரு பெரியவர் வருகிறார். வயது 55. சேலத்துப் பக்கம் பிறந்தவர். வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். ஒருநாள் "வண்டி" என்ற சொல்லை எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, வண்டின்னா எனக்கு ஒரு பயம்."

"ஏன் ஐயா?"

"வயசுல ஒரு தப்புப் பண்ணேன். ஒருத்தர் உடைஞ்ச அச்சைக் கொண்டு வந்தாரு. 'ஒட்டிக் குடுப்பா, நாளைக்குக் கிளம்பணும்'னாரு. நானும் வெல்டு வெச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்துச்சு. ஒரு வாரம் ஓடிச்சு. அப்புறம் ஒரு இறக்கத்துல அதே இடத்துல முறிஞ்சிடுச்சு. சக்கரம் தனியா ஓடிடுச்சு. ஒரு மாட்டுக்குக் கால் போச்சு. பிள்ளைங்க அன்னிக்கு வண்டியில இல்ல. இருந்திருந்தா?"

வகுப்பில் யாரும் பேசவில்லை. அன்றைக்கு எழுத்துப் பாடம் அதோடு நின்றது. வண்டிப் பாடம் தொடங்கியது. அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அச்சு சாதாரண இரும்பு இல்லை. பதப்படுத்திய எஃகு. அதன்மேல் வெல்டிங் சூடு பட்டால் பதம் கெட்டுவிடும். ஒட்டிய இடம் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் பக்கத்து இடம் கண்ணாடி போல முறியும். ஸ்பிரிங் பட்டைக்கும் இதே கதிதான். வண்டியின் தட்டுக்கு வெல்டு வைக்கலாம். பக்கச் சட்டத்துக்கு வைக்கலாம். உடைந்த அச்சுக்கு வைக்கக் கூடாது. உடைந்த அச்சு எடைக்குப் போட வேண்டிய இரும்புதான்.

கடையில் அச்சு எடுக்கும்போது எப்படிப் பார்ப்பது? முதலில் ஒரு நூலை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் பிடியுங்கள். வளைவு இருந்தால் தெரிந்துவிடும். அடுத்து விரிசல். இது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. அச்சில் உள்ள கிரீஸையும் துருவையும் சுத்தமாகத் தேய்த்து எடுங்கள். மண்ணெண்ணெய் தடவுங்கள். மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் டீசல் போதும். பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் வேண்டாம். சிறிது நேரம் ஊற விடுங்கள். பிறகு துணியால் நன்றாகத் துடையுங்கள். அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தடவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே வரும். வெள்ளைப் பொடியில் மெல்லிய கோடு விழும். சக்கரம் உட்காரும் மூலையில்தான் பெரும்பாலும் விரிசல் விடும். அங்கே இரண்டு முறை பாருங்கள்.

இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டார். "இது எழுதறதுக்கு மட்டும் இல்ல, டீச்சரம்மா" என்றார்.

லாரியின் முன் அச்சில் சக்கரம் திரும்புவதற்கு மூட்டு இருக்கும். அது மாட்டுவண்டிக்கு ஆகாது. எடுக்காதீர்கள்.

அடுத்தது பேரிங். ஒவ்வொரு ஹப்பிலும் இரண்டு பேரிங் இருக்கும். உள்ளே பெரியது, வெளியே சிறியது. கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும். நறநறவென்றால் வேண்டாம். உருளையில் குழி விழுந்திருந்தாலும், நீலநிறம் பாய்ந்திருந்தாலும் வேண்டாம். நீலம் என்றால் அது சூட்டில் வெந்தது என்று பொருள். வேறு எதைப் பழையதாக வாங்கினாலும் பேரிங்கைப் புதிதாகவே வாங்கச் சொல்கிறார் பெரியவர். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

மாட்டும்போது கிரீஸை நன்றாக அடைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். பிறகு சிறிது தளர்த்துங்கள். கடைசியில் பின் போட்டு வளைத்து விடுங்கள். மரவண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு இந்தப் பின் அப்படி. சிறிது தூரம் ஓட்டியபின் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

இனி ரிம். இதில் உயிர் போகும். பழைய லாரி ரிம் சிலவற்றில் தனியாக ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதுதான் டயரைப் பிடித்து வைக்கிறது. வளையம் துருப்பிடித்திருந்தாலும், சரியாக உட்காராவிட்டாலும், காற்று அடிக்கும்போது குண்டு போலப் பறக்கும். டயர் கடையில் வேலை செய்த எத்தனையோ பேர் இப்படிச் செத்திருக்கிறார்கள். ஆகவே சக்கரத்தைக் கழற்றும் முன் காற்றை முழுவதும் இறக்குங்கள். காற்று அடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வையுங்கள். கூண்டு இல்லாத கடையில் அடிக்க வேண்டாம். டயருக்கு மேல் குனியாதீர்கள். நீளக் குழாய் வைத்துத் தள்ளி நில்லுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

வண்டி தயார். இப்போது சுமை ஏற்ற வேண்டும்.

மரச் சக்கர வண்டியில் ஒரு டன் ஏற்றினாலே அதிகம். டயர் வண்டியில் இரண்டு டன்னுக்கு மேலும் ஏற்றுகிறார்கள். பேரிங் இருப்பதால் சக்கரம் எளிதாகச் சுற்றுகிறது. டயர் அகலமாக இருப்பதால் வயலில் அதிகம் புதைவதில்லை. ஆனால் வண்டி எளிதாக உருளுகிறது என்பதற்காக மாட்டுக்கு இரண்டு கழுத்து வந்துவிடுமா? இறக்கத்தில் அத்தனை சுமையும் மாட்டைத்தான் தள்ளும். நல்ல பிரேக் இல்லாத வண்டியில் இரண்டு டன் ஏற்றுவது மாட்டுக்குச் செய்யும் பாவம்.

சுமை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ஒரு கணக்குப் போடுவோம். அச்சிலிருந்து நுகத்தடி 9 அடி தூரத்தில் இருக்கிறது. அச்சுக்கு முன்னால் 1 அடி தள்ளி 450 கிலோ இருக்கிறது. 450-ஐ 9-ஆல் வகுங்கள். 50 வருகிறதா? 50 கிலோ மாட்டின் கழுத்தில் ஏறுகிறது. அதே 450 கிலோவை 2 அடி தள்ளி வைத்தால் எவ்வளவு? நீங்களே போடுங்கள்.

மாட்டின் கழுத்தைப் பற்றிப் படித்தவர்களும் யோசித்திருக்கிறார்கள். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் பேராசிரியர் என். எஸ். ராமசாமி. பெரிய கம்பெனிகளுக்குப் பாடம் சொல்லும் இடம் அது. அவரோ மாட்டுவண்டியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நுகத்தடியையும் சக்கரத்தையும் திருத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2022-இல் சாங்லி மாவட்டத்தில் ராஜாராம்பாபு தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் ஒரு வேலை செய்தார்கள். வண்டியின் முன்பக்கம், மாடுகளுக்கு நடுவில், தரையைத் தொடும்படி ஒரு சிறு சக்கரம் வைத்தார்கள். கழுத்தில் ஏறும் பாரத்தை அந்தச் சக்கரம் தாங்கும். அதற்குச் 'சாரதி' என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது சில இடங்களில் மாட்டுக்குப் பதில் டிராக்டரைப் பூட்டுகிறார்கள். அப்போது சட்டம் மாறிவிடுகிறது. மாடு இழுத்தால் அது மோட்டார் வாகனம் இல்லை. டிராக்டர் இழுத்தால் அது டிரெய்லர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு செய்ய வேண்டும். வடநாட்டில் பழைய எஞ்சினை வைத்துத் தாங்களே செய்யும் வண்டிக்கு 'ஜுகாட்' என்று பெயர். அதுவும் மோட்டார் வாகனமே என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னையில் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் பூட்டிய மீன்பாடி வண்டிக்கும் இதே சிக்கல் உண்டு. பதிவு இல்லாத வண்டி மோதினால் நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம். இதை வண்டி செய்கிறவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

மாடு இழுத்தாலும் சரி, டிராக்டர் இழுத்தாலும் சரி, இரவில் வண்டி தெரிய வேண்டும். கரும்பு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாக வருகிற லாரிக்காரருக்கு அது இருட்டில் தெரியாது. பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, ஒளி பட்டால் மின்னும் பட்டை ஒட்டுங்கள். கரும்பு மறைக்காத இடத்தில் ஒட்டுங்கள். பெரியவர் செய்யும் வண்டியில் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சிவப்புப் பட்டை ஒட்டாமல் வெளியே விடுவதில்லை. "காசு வேணாம், ஒட்டிக்கிட்டுப் போ" என்பாராம்.

டயரை மறந்துவிட்டேன். டயர் வெடிப்பு விட்டிருக்கிறதா, உள்ளே நூல் தெரிகிறதா என்று பாருங்கள். அதன் வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம். கடைசி இரண்டு எண் ஆண்டு. 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டில் 23-ஆவது வாரம் செய்த டயர். முன்பு ஒருமுறை பெரியவரிடம் "இரண்டு வருஷ டயர்" என்று சொல்லி ஒருவர் விற்றார். எண்ணைப் படிக்கத் தெரியாமல் வாங்கி வந்தார். வகுப்பில் எண்கள் படித்த வாரம் பட்டறைக்குப் போய் அதைத் தேடிப் பார்த்தார். டயருக்குப் பன்னிரண்டு வயது!

இப்போது அவர் சோதித்துப் பார்த்த ஒவ்வொரு அச்சிலும் பெயின்டால் தேதி எழுதுகிறார். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆனால் படிக்க முடியும்.

கீழே மூன்று டயர்களின் எண்கள் இருக்கின்றன. உரக்கப் படியுங்கள். எது எந்த ஆண்டில் செய்தது? எது மிகப் பழையது? உங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

0818      5122      3309