விகிதமுறு கோவை: விலக்க வேண்டிய எண்ணைப் பிடிக்க...

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். மாறியை ‘ம’ என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் பகுதியைப் பாருங்கள். அதை 0-க்குச் சமப்படுத்தித் தீர்த்தால் வரும் எண்களே விலக்கப்பட்ட மதிப்புகள். மீதி மெய்யெண்கள் எல்லாம் மதிப்பகம். தொகுதி மட்டும் 0 ஆனால் கவலை வேண்டாம். கோவையின் மதிப்பு 0, அவ்வளவுதான்.

2. 0-ஆல் ஏன் வகுக்கக் கூடாது என்று பிள்ளை கேட்டால், ‘விதி அப்படி’ என்று வாயை அடைக்காதீர்கள். 6-ஐ 0-ஆல் வகுத்து ஒரு விடை வந்தால், அதை 0-ஆல் பெருக்கும்போது 6 திரும்ப வர வேண்டும். அப்படி ஓர் எண் கிடையாது. 0-ஐ 0-ஆல் வகுத்தாலோ எந்த எண்ணும் பொருந்தும், எதையும் விடை என்று நிறுத்த முடியாது. கி.பி. 628-இல் கணித அறிஞர் பிரம்மகுப்தரே 0/0-க்கு 0 என்று விடை எழுதினார். பிள்ளை தடுமாறுவதில் வியப்பில்லை, பொறுமையாகச் சொல்லுங்கள்.

3. சுருக்குவதற்கு முன்பே விலக்க வேண்டிய எண்ணை ஓரத்தில் குறித்துவிட வேண்டும். பிள்ளைகள் சறுக்கும் இடம் இது. (ம² − 9)/(ம − 3) சுருங்கினால் ம + 3. ம-வுக்கு 2.9 போட்டால் 5.9 வரும், 3.1 போட்டால் 6.1. சரியாக 3 போட்டால் மூலக் கோவையில் 0/0. சுருக்கிய பின் பகுதியே கண்ணில் படாது, ஆனாலும் 3 விலக்கப்பட்டதுதான். வரைபடம் போட்டுக் காட்டுங்கள்: நேர்கோடு, (3, 6) புள்ளியில் மட்டும் உள்ளே நிரப்பாத சிறு வட்டம்.

4. பகுதியில் ம² − 5ம இருந்தால் ம(ம − 5) என்று காரணிப்படுத்துங்கள். 0, 5 இரண்டும் விலகும். ம-வை அடித்துவிட்டால் 0 தொலைந்துபோகும்.

5. ம + 2 = 0 என்றால் விலகுவது −2. குறியை இன்னொரு முறை பாருங்கள்.

6. ம² + 9 எந்த மெய்யெண்ணுக்கும் 0 ஆகாது. எல்லா மெய்யெண்களும் மதிப்பகமே. ம² − 9 என்று நினைத்து 3, −3 எழுதிவிட வேண்டாம்.

7. வகுத்தல் கணக்கில் கூடுதல் கவனம் தேவை. ம/(ம − 1) ÷ (ம + 2)/(ம − 4) என்பதில் 1, 4 மட்டுமல்ல, −2-உம் விலகும். வகுக்கும் கோவையைத் தலைகீழாக்கியதும் அதன் தொகுதி பகுதிக்கு வந்துவிடுகிறதே.

8. விடையைப் பகுதியில் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ம² − ம − 6-இல் 3 போட்டால் 9 − 3 − 6 = 0; −2 போட்டால் 4 + 2 − 6 = 0. ஆக, −2, 3 நீங்கலாக எல்லா மெய்யெண்களும்.