கடல் முதலை தந்த பாடம்

மட்டக்களப்பு வாவியில் முதலைகள் வாழ்வதை நாம் அறிவோம். ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு வாவியில் வாழ்ந்த இராட்சதக் கடல் முதலையை அறிவோமா?

வட ஆபிரிக்காவின் துனீசியாவில், இன்று பாலைநிலமான தத்தாவீனில், அதன் உயிர்ச்சுவடு கிடைத்தது. அங்குள்ள பாறைப் படைகள் முன்பு கடலோடு இணைந்த வாவி இருந்ததைக் காட்டுகின்றன. 2016 இல் அதற்கு ‘மச்சிமோசோரஸ் ரெக்ஸ்’ எனப் பெயரிட்டனர். மண்டையோடு மட்டும் சுமார் 1.6 மீற்றர் நீளம். தடித்து மழுங்கிய பற்கள் ஆமையோட்டையும் நொறுக்கக்கூடியவை.

இக்குடும்ப முதலைகள் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தன என்ற கருத்தை இச்சுவடு மாற்றியது. அதன் நீளத்தை முதலில் சுமார் 10 மீற்றர் எனக் கணித்தனர். பின்னர் வேறு ஆய்வாளர்கள் 7 மீற்றரளவு என்றனர்.

மாணவியரே, சான்று கிடைத்ததும் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளத் தயங்காததே அறிவியல்.