மருந்து ஏன் நின்றுபோகின்றது?

முகாமிலிருந்து சொந்த இடத்துக்குத் திரும்புகின்ற குடும்பங்களில் மனநோய்க்கு மருந்து எடுத்து வருகின்ற ஒருவர் இருக்கலாம். காணி துப்புரவாக்குவது, தறப்பாள் கட்டுவது, கிணறு இறைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று முதல் சில வாரங்கள் ஓடிவிடும். பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் மருந்து நிற்கின்றது. நிறுத்துவது என்று யாரும் முடிவெடுப்பதில்லை. கிளினிக் நாள் ஒன்று தவறுகின்றது, அடுத்த கிளினிக்குக்கு முன்பே குளிசை முடிந்துவிடுகின்றது, ஆள் நன்றாகத்தானே இருக்கின்றார் என்று வீட்டாரும் விட்டுவிடுகின்றார்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து நித்திரை குறையும். தனியே கதைப்பது, சந்தேகப்படுவது, சாப்பாட்டை மறுப்பது என்று பழைய அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

அப்போது வீட்டில் முதலில் எழுகின்ற பேச்சு, “சொல்வழி கேளாத ஆள், மருந்தை ஒழுங்காகப் போட்டிருந்தால் இது வந்திருக்காது” என்பது. இந்தக் குற்றச்சாட்டால் ஒரு பயனும் இல்லை. நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வசதி படைத்த நாடுகளிற்கூட, ஏறக்குறைய அரைவாசிப் பேர்தான் சொன்னபடி எடுக்கின்றார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்களும் இடையில் விடுகின்றார்கள். மருந்தை விடுகின்ற ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரு வழியும் இருக்கும். எங்கள் பகுதியில் அடிக்கடி காணக்கூடிய காரணங்களை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இடம் மாறும்போது

முகாமில் இருந்தபோது கிளினிக் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. ஊருக்குத் திரும்பிய பின் அதே கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டி வரலாம். நோயாளியைத் தனியே அனுப்ப முடியாது, கூட ஒருவர் போகவேண்டும். அன்று இரண்டு பேரின் நாட்கூலி போய்விடும். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசந்தான். ஆனால் அந்த இலவச மருந்தை வாங்கப் போய்வருகின்ற செலவு ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. இதை “அக்கறையின்மை” என்று எழுதிவிட்டுப் போகின்ற உத்தியோகத்தர்களும் இருக்கின்றார்கள்.

ஆகவே புறப்படுவதற்கு முன்பே, கடைசியாகப் போகின்ற கிளினிக்கில், நாங்கள் ஊருக்குப் போகப்போகின்றோம் என்று சொல்லுங்கள். எந்த ஊர் என்பதையும் சொல்லுங்கள். அந்த ஊருக்குக் கிட்டிய மனநலக் கிளினிக் எது, எந்தக் கிழமையில் நடக்கும் என்று கேட்டு, அங்கே காட்டுவதற்கு ஒரு கடிதமும் வாங்குங்கள். கடிதத்தில் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு, எப்போது தொடங்கியது என்பவை இருக்கவேண்டும். இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை ஊசி போடுபவரென்றால் கடைசி ஊசி போட்ட திகதியையும் எழுதுவியுங்கள். இயலுமென்றால் கூடுதலாகச் சில வாரங்களுக்கு மருந்து கேளுங்கள். கிளினிக் கொப்பியை அடையாள அட்டை, குடும்ப அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரங்களோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். இடம்பெயர்வுகளில் கொப்பியைத் தொலைத்தவர்கள் பலர். அவர்கள் எந்த மருந்து எடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாமற்போய், வைத்தியம் முதலிலிருந்தே தொடங்கவேண்டி வந்தது. கொப்பி கையில் இல்லையென்றால் மீதிக் குளிசைகளையோ மருந்துறையையோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஊருக்கு வந்த பின் எங்கே போவது என்று தெரியாவிட்டால், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். வீட்டுக்கு வருகின்ற குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு, ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வீட்டார் ஒருவரே வந்து மருந்தை வாங்கிப்போகலாமா என்றும் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு சிறிய விடயம். ஒரே மருந்து இந்த மாதம் வெள்ளைக் குளிசையாகவும் அடுத்த மாதம் மஞ்சளாகவும் வரலாம். செய்கின்ற கொம்பனி மாறும்போது நிறமும் அளவும் மாறும். “பிழையான மருந்து தந்துவிட்டார்கள்” என்று எறிந்தவர்கள் உண்டு. நிறம் மாறியிருந்தால் மருந்து கொடுக்கின்ற இடத்திலேயே கேட்டு, பையின் மேல் தமிழில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் வருகின்ற மாற்றங்கள்

மருந்தை நிறுத்துவதற்கு மிகப் பலமான காரணம் இதுதான். சிலருக்குக் கை நடுங்கும். உடம்பு விறைத்து, நடை மெதுவாகும். வாயில் எச்சில் வடியும். இருந்த இடத்தில் இருக்கமுடியாமல் கால் பரபரக்கும். இவை ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளால் வரக்கூடியவை. மருந்தின் அளவைக் குறைத்தோ, பென்செக்சோல் என்ற குளிசையைச் சேர்த்தோ, மருந்தையே மாற்றியோ வைத்தியரால் இவற்றைக் குறைக்கமுடியும். ஒலன்சபின் போன்றவற்றால் பசி கூடி உடம்பு வைக்கும். குளோர்ப்ரோமசின் எடுப்பவருக்கு வெயில் பட்டால் தோல் எரியும். வயலிலும் கட்டட வேலையிலும் நிற்பவருக்கு இது சின்ன விடயம் இல்லை. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் உதவும், ஆனால் இதையும் கிளினிக்கில் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றை விரிவாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. மருந்து தொடங்கிய முதல் நாட்களில், சிலருக்கு, அதிலும் இளம் ஆண்களுக்கு, திடீரென்று கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே சொருகும், தாடை இறுகும். பார்ப்பவர்களுக்குப் பயமாக இருக்கும். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் கொண்டு ஓடுவார்கள், அல்லது மருந்து நஞ்சாகிவிட்டது என்று அன்றோடு நிறுத்திவிடுவார்கள். இது மருந்தின் பக்க விளைவு. வைத்தியசாலையில் ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். மருந்து தரும்போதே இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் மருந்தை விட்டிருக்கமாட்டார்கள்.

சொல்ல வெட்கப்படுகின்ற மாற்றங்களும் உண்டு. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், மார்பில் பால் சுரக்கலாம். ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் இயலாமை வரலாம். கூட்டம் நிறைந்த கிளினிக்கில், பக்கத்தில் மாமியாரை வைத்துக்கொண்டு, யார் இதைச் சொல்வார்? சொல்லாமல் மருந்தை விடுவார்கள். “வைத்தியரோடு தனியே கொஞ்சம் கதைக்கவேண்டும்” என்று தாதியிடம் சொன்னால் போதும். கூடப் போனவர் வெளியே வந்து நிற்கவேண்டும்.

லிதியம் எடுப்பவர்களுக்குத் தனியான கவனம் தேவை. இந்த மருந்துக்கு இரத்தப் பரிசோதனை ஒழுங்காகச் செய்யவேண்டும். கடும் வெயிலில் வேர்த்துக் களைத்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும், வயிற்றோட்டம் வந்தாலும் இரத்தத்தில் லிதியத்தின் அளவு கூடிவிடும். மூட்டு நோவுக்குக் கடையில் வாங்குகின்ற டைக்குளோபினாக், இபுபுரோபன் குளிசைகளும் அதைக் கூட்டும். வாந்தி, பெரிய நடுக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல் கண்டால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கந்தசஷ்டி விரதம் இருப்பவரும், நோன்பு பிடிப்பவரும் தொடங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் கேட்கவேண்டும். மற்ற மருந்துகள் பலவற்றின் நேரத்தை நோன்புக்கு ஏற்ப மாற்றலாம், லிதியத்தில் அப்படித் தாமாக மாற்றக்கூடாது.

கர்ப்பம் தரித்தவுடன் பயந்து எல்லா மருந்தையும் நிறுத்துகின்ற பெண்களும் உண்டு. சில மருந்துகள், குறிப்பாக வல்புரோவேற், வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதியானவைதான். வேறு சிலவற்றைத் தொடரலாம். பிள்ளை வேண்டும் என்று நினைக்கின்றபோதே சொன்னால், மாற்றுவதற்கு வைத்தியருக்கும் நேரம் இருக்கும்.

இரவுக் குளிசையும் கதவில்லாத கொட்டிலும்

கணவரை இழந்த, அல்லது கணவர் எங்கே என்று தெரியாத ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு தறப்பாள் கொட்டிலில் இருக்கின்றார். கதவு இல்லை. பற்றைக்குள் பாம்பு இருக்கின்றது. இரவில் யார் வருவார்கள் என்ற பயம் வேறு. அவருக்கு வைத்தியர் தந்தது படுக்கும்போது போடவேண்டிய, நித்திரை தருகின்ற குளிசை. அவர் அதைப் போடாமல் விடுவது மூடத்தனமா? அந்த இடத்தில் இருந்தால் நாங்களும் விடுவோம். காணாமற்போன மகன் இரவில் வந்து கூப்பிட்டால் கேட்காமல் தூங்கிவிடுவேனே என்று குளிசையை ஒளித்து வைக்கின்ற தாய்மாரும் இருப்பார்கள்.

இத்தகைய காரணம் கிளினிக் கொப்பியில் ஒருபோதும் எழுதப்படுவதில்லை. ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வழி இருக்கின்றது. நித்திரை குறைவாகத் தருகின்ற மருந்துக்கு மாற்றலாம், நேரத்தை முன்தள்ளலாம், பக்கத்துக் காணியிலுள்ள உறவுக்காரப் பெண் ஒருவர் இரவில் துணைக்குப் படுக்கலாம். தற்காலிக வீட்டுக்குத் தகரக் கதவு கேட்டு எழுதுகின்ற விண்ணப்பத்தில் இந்தக் குடும்பத்தை முன்னுக்குப் போடும்படி கிராம அலுவலரிடம் சொல்வதும் மருந்தோடு சேர்ந்த வேலைதான்.

“இப்ப எனக்குச் சுகம்”

காய்ச்சலுக்குக் குளிசை போட்டால் ஒன்றிரண்டு நாளில் சுகம், பிறகு நிறுத்திவிடலாம். மனநோய் மருந்தையும் மக்கள் இதே கணக்கில் பார்க்கின்றார்கள். கணக்கு இரண்டு முனையிலும் பிழைக்கின்றது. மனச்சோர்வுக்குரிய மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். பக்க விளைவோ முதல் நாளிலேயே வந்துவிடும். ஆகவே முதல் வாரத்தில் நோயாளி காண்பது கெடுதியை மட்டுந்தான். மறுமுனையில், சுகம் வந்த பிறகும் மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதங்களும், குரல் கேட்டல், கடும் சந்தேகம் போன்றவை இருந்தவருக்கு அவை நின்ற பின் குறைந்தது ஒரு வருடமும் மருந்தைத் தொடரவேண்டும். சிலருக்கு அதைவிட நீண்டகாலம் வேண்டும். நிறுத்துவதென்றாலும் வைத்தியரின் சொற்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்தவேண்டும்.

சிலர் தமக்கு நோய் இருப்பதையே ஏற்கமாட்டார்கள். அதுவும் நோயின் ஒரு பகுதி. அவரோடு “உனக்கு வருத்தம்” என்று வாதாடுவதில் பலன் இல்லை. “குளிசை போட்டால் உங்களுக்கு நித்திரை வருகின்றது, வேலைக்குப் போகமுடிகின்றது” என்று, அவர் விரும்புகின்ற ஒன்றைப் பிடித்துக் கதையுங்கள். சாப்பாட்டில் களவாகக் கலந்து கொடுக்காதீர்கள். ஒருநாள் தெரியவரும்போது, சந்தேகமே நோயாக உள்ளவர் வீட்டுச் சோற்றையும் நம்பமாட்டார்.

ஊர்ப் பேச்சு

யாழ்ப்பாணத்தில் “மந்திகை”, தெற்கில் “அங்கொடை” என்று வைத்தியசாலை இருக்கின்ற ஊரின் பெயரே ஏச்சாகிவிட்டது. கிளினிக் வரிசையில் நின்றதை ஊரார் கண்டால் தங்கச்சிக்குச் சம்பந்தம் சரிவராது என்று பயப்படுகின்ற வீட்டில் மருந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை. அப்படியான பயம் இருந்தால், பொது நோயாளர் பகுதியில் வைத்து மருந்தைத் தர இயலுமா என்று கேட்கலாம். நூல் கட்டுவது, கோயிலில் நேர்த்தி வைப்பது, தேவாலயத்தில் செபிப்பது, ஓதிப் பார்ப்பது எல்லாம் மனதுக்கு ஆறுதல் தருமென்றால் செய்யுங்கள். மருந்தை நிறுத்து என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள். கசிப்பும் சாராயமும் வேறு கதை. அவை நித்திரை தரும் குளிசைகளோடு சேரும்போது மயக்கத்தைக் கூட்டி ஆபத்தாகும். குடிக்கின்ற நாளில் குளிசையை விடுவது பழக்கமாகி, பிறகு குளிசையே நின்றுவிடும்.

எப்படிக் கேட்பது

“குளிசை போட்டியா?” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் பதில் வரும். “தம்பி, குளிசை போட்டா உடம்புக்கு என்ன செய்யுது? கிழமையில எத்தினை நாள் விடுபடுது?” என்று கேட்டுப் பாருங்கள். விடுபடுவது வழமைதான் என்ற தொனியில் கேட்டால் உண்மை வரும். வந்த உண்மைக்கு ஏசாதீர்கள், அடுத்தமுறை வராது. தேநீர் குடிக்கின்ற நேரம், சாமி கும்பிடுகின்ற நேரம் என்று தினமும் நடக்கின்ற ஒன்றோடு குளிசையைச் சேர்த்துவிடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு மருந்துப் பையில் சூரியனும் நிலவும் கீறிக் காட்டலாம்.

தகரத்துக்குக் கீழே மத்தியான வெக்கையில் குளிசை பழுதாகும். மூடியுள்ள போத்தலில், ஈரமும் வெயிலும் படாத மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சாகவேண்டும் என்று கதைக்கின்ற ஒருவர் வீட்டில் இருந்தால், முழு மாதத்துக் குளிசையையும் அவர் கையில் விடாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு உரியதைக் கொடுக்கட்டும். அமிற்றிப்டிலின், லிதியம் போன்றவற்றை ஒரேயடியாக விழுங்கினால் உயிர் போகும். அப்படி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, ஆள் நன்றாகத் தெரிந்தாலும், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

தவறிவிட்டால்

ஒருநேரக் குளிசை தவறினால், நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த நேரம் நெருங்கிவிட்டதென்றால் தவறியதை விட்டுவிட்டு வழமையானதை எடுக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. ஊசித் திகதி தவறினால் அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருக்காமல், தவறியது தெரிந்த நாளிலேயே கிளினிக்குக்குப் போங்கள். குளோசபின் எடுப்பவர் 48 மணித்தியாலத்துக்கு மேல் விட்டிருந்தால், பழைய அளவில் வீட்டில் மீண்டும் தொடங்கவே கூடாது. சிறிய அளவிலிருந்து வைத்தியரே தொடங்கவேண்டும். பல வாரங்களாக மருந்தையே விட்டவர், கிளினிக்கில் ஏசுவார்கள் என்று போகாமல் இருப்பதுண்டு. அவரோடு கூடப் போங்கள். உள்ளே போய் முதலில் நீங்களே, “இவ்வளவு நாளாக மருந்து எடுக்கவில்லை, காரணம் இது” என்று சொல்லிவிடுங்கள்.