நான்கு இலக்கம் கேட்கும் மீட்டர்

அன்புள்ள மாப்பிள்ளை,

சைக்கிளுக்குப் புது மீட்டர் மாட்டியதும் அது நான்கு இலக்கங்களை மினுக்கிக்கொண்டு சக்கர அளவு கேட்கிறது, கூட வந்த தாளில் உன் டயர் அளவு இல்லை, 26 அங்குலத்தைக் கணக்குப் பண்ணிப் போட்டுவிடலாமா என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. ஒரு சாக்பீசும் டேப்பும் இருந்தால் சரியான எண் உன் வீட்டு வாசலிலேயே கிடைத்துவிடும்.

முதலில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள். ஸ்போக்ஸ் கம்பியில் சின்னக் காந்தம் ஒன்றைத் திருகியிருக்கிறாய். ஃபோர்க்கில் கட்டிய சென்சாரை அது தாண்டும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சுவிட்ச் மூடித் திறக்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது என்பது மட்டுமே மீட்டருக்குத் தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நீதான் சொல்லித்தர வேண்டும். 2075 என்று கொடுத்தால் சுற்றுக்கு 2075 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டே போகும். அதைச் சுற்றுக்கு ஆன நேரத்தால் வகுத்து வேகம் காட்டும். காந்தம் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தாலும் ரிம்முக்குப் பக்கத்தில் இருந்தாலும் கணக்கு மாறாது. எங்கே இருந்தாலும் சுற்றுக்கு ஒருமுறைதானே சென்சாரைத் தாண்டும்!

சரி, 26 அங்குலத்தில் என்ன கோளாறு? டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார். 26 என்பதோடு 50-559 என்றோ 40-559 என்றோ இன்னொரு ஜோடி எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். அகலத்தை இரட்டித்து விட்டத்தோடு கூட்டி, 3.1416-ஆல் பெருக்கு. 50-559 டயருக்கு 2070 வரும். 40-559 டயருக்கு 2007தான் வரும். இரண்டின் மேலும் 26 என்றே போட்டிருக்கும். 26 அங்குலத்தை நேராக மில்லிமீட்டராக்கிப் பெருக்கினால் 2075. ஒல்லி டயர்க்காரர் இந்த எண்ணைப் போட்டால் 10 கிலோமீட்டர் ஓட்டியதும் மீட்டர் 10.34 காட்டும். 340 மீட்டர் மிதிக்காமலே வந்த தூரம்!

டயர் எண்ணை வைத்துப் போடும் கணக்கும் உத்தேசம்தான். நீ ஏறி உட்கார்ந்ததும் டயர் தரையில் கொஞ்சம் அமுங்கும், சுற்றுக்கு நகரும் தூரம் அதற்கேற்பக் குறையும். ஆகவே அளந்துவிடுவதே மேல்.

வழக்கமாக எவ்வளவு காற்று வைப்பாயோ அவ்வளவு அடித்துக்கொள். சமதளமான சிமெண்டுத் தரையில் முன்சக்கரத்தின் வால்வு நேர் கீழே வரும்படி நிறுத்தி, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு போடு. சீட்டில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரை ஆட்டாமல் நேராக உருட்டு. அப்பாவைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல். வால்வு ஐந்தாம் முறை கீழே வந்ததும் நிறுத்தி, இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே அளந்து ஐந்தால் வகு. ஒரே சுற்றில் அளந்தால், கோடு போடுவதில் வரும் ஒரு சென்டிமீட்டர் பிசகு அப்படியே எண்ணில் ஏறிவிடும். ஐந்து சுற்றில் அது இரண்டு மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும்.

கிடைத்த எண்ணைப் போடும் முன் தாளை ஒருமுறை படி. சில மீட்டர்கள் சுற்றளவை மில்லிமீட்டரில் கேட்கும். சில சென்டிமீட்டரில் கேட்கும். விட்டம் கேட்பவையும் உண்டு. கிலோமீட்டரா மைலா என்பதையும் பார்த்துக்கொள். பேட்டரி மாற்றும்போது பல மீட்டர்களில் எண் அழிந்துபோகும். நோட்டில் குறித்து வை.

சரிபார்க்கவும் வழி இருக்கிறது. தூரம் நன்றாகத் தெரிந்த பாதை ஒன்றில் ஓட்டிப் பார். உண்மைத் தூரம் 2 கிலோமீட்டர், மீட்டர் காட்டுவது 2.05, நீ போட்டிருந்த எண் 2050 என்று வைத்துக்கொள். 2050-ஐ 2-ஆல் பெருக்கி 2.05-ஆல் வகு; 2000 வரும். அதுதான் போட வேண்டிய எண்.

ஒரு சைக்கிள் மீட்டருக்கு இவ்வளவா என்று நினைக்காதே. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் பாதையை முறைப்படி அளப்பதே சைக்கிளில்தான். அமெரிக்காவில் 1971-இல் உருவான ஜோன்ஸ் கவுண்டர் என்னும் எண்ணியை முன்சக்கரத்தில் பொருத்துவார்கள். எஃகு டேப்பால் அளந்து வைத்த நேர்ப்பாதையில் அந்தச் சைக்கிளைப் பலமுறை ஓட்டி, தூரத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்று முதலில் கண்டுபிடிப்பார்கள். பந்தயப் பாதையை அளந்து முடித்ததும் அதே நேர்ப்பாதைக்குத் திரும்பி மறுபடியும் ஓட்டுவார்கள். இடையில் வெயில் ஏறியிருந்தால் டயரின் காற்றழுத்தம் கூடி எண்ணிக்கையும் மாறியிருக்கும். அதற்கு மேலும் பாதை குறைந்துவிடக் கூடாதென்று 1000 மீட்டருக்கு 1 மீட்டர் கூட்டிக்கொள்வார்கள். சாக்பீசும் டேப்பும் வைத்து நீ செய்யப்போவதும் இதே வேலைதான்.

டயரை மாற்றினால் மறுபடியும் அள. வருகிற ஞாயிற்றுக்கிழமை இதை முடித்துவிட்டு, டயரில் உள்ள ஜோடி எண்ணையும் நீ அளந்த எண்ணையும் எனக்கு எழுது. கணக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
மாமா