நறுக்குப் பலகையைப் பேணுவோம்

சுமார் 25 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரமே இன்று பல இல்லங்களில் நறுக்குப் பலகையாகப் பயன்படுகிறது. பச்சைக் கோழியிறைச்சியை வெட்டிய பலகையை வெறும் துணியால் துடைத்துவிட்டு, அதிலேயே வெள்ளரிக்காயை நறுக்குவோமாயின், இறைச்சியிலுள்ள கிருமிகள் குழந்தைகளின் வயிற்றை அடைந்து பேதியை உண்டாக்கக்கூடும். நன்கு வெந்த கறியில் கிருமிகள் மடிந்துவிடும். பச்சையாக உண்ணும் காய்க்கு அப்பாதுகாப்பு இல்லை. ஆகவே, இறைச்சிக்கு ஒன்றும் காய்கறிக்கு ஒன்றுமாக இரு பலகைகளை வைத்துக்கொள்வோம். பயன்படுத்தியவுடன் சவர்க்காரமும் சுடுநீரும் இட்டுத் தேய்த்துக் கழுவி, காற்றுப்படும்படி நிமிர்த்தி வைத்து உலர்த்துவோம். நீரில் ஊறப் போடலாகாது. மரம் உப்பி, பின் காயும்போது பிளந்துவிடும். தேய்த்தும் அழுக்கு நீங்காத ஆழ்ந்த வெடிப்பு விழுந்த பலகையைக் கழித்துவிடுவதே நன்று.